பவுண்டியும் கால் மில்லிமீட்டர் கயிறும்

மரத்தில் பாய்க்கப்பல் மாடல் செய்கிறவர்கள் வீட்டுக்கு எப்போதாவது போனால், பரண் மேலே ஒரு தடவை எட்டிப் பாருங்கள். பலகை பலகையாக ஒட்டி, இழைத்து, வார்னிஷ் அடித்து, மூணு பாய்மரமும் நட்டு, ஒரே ஒரு கயிறுகூட இல்லாமல் மொட்டையாக ஒரு கப்பல் தூசி படிந்து உட்கார்ந்திருக்கும். கேட்டால், "ரிக்கிங் மட்டும்தான் சார் பாக்கி, லீவு கிடைச்சதும் முடிச்சிடுவேன்" என்பார். அந்த லீவு வரவே வராது :-)

அவரைக் குத்தம் சொல்லியும் பிரயோஜனம் இல்லை. கப்பலின் உடம்பு கட்டுவது தச்சு வேலை. இன்னிக்கு ரெண்டு பலகை ஒட்டினால் நாளைக்கு ரெண்டு பலகை கூடுதலாகக் கண்ணுக்குத் தெரியும். கயிறு அப்படி இல்லீங்க. ஒரு வாரம் முதுகு ஒடிய உட்கார்ந்து முடிச்சுப் போட்டாலும், வீட்டுக்கு வருகிறவர்கள் "என்னங்க, போன தடவை பார்த்த மாதிரியேதானே இருக்கு?" என்பார்கள். அதோடு பெட்டியில் வரும் வரைபடத்தின் கடைசித் தாளை விரித்தால், நம்பர் போட்ட கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். எது எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று கண்டுபிடிப்பதற்குள் பாதி உற்சாகம் போய்விடும்.

எங்கள் கையில் இருப்பது பவுண்டி. படம் பார்த்தவர்களுக்குக் கதை தெரிந்திருக்கும். 1784-ல் இங்கிலாந்தின் ஹல் நகரில் 'பெத்தியா' என்ற பெயரில் சரக்குக் கப்பலாகக் கட்டப்பட்டது. 1787-ல் கடற்படை விலைக்கு வாங்கி, பெயரை பவுண்டி என்று மாற்றியது. டஹீட்டியிலிருந்து ஈரப்பலாக் கன்றுகளை மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கொண்டுபோய், அங்கே தோட்டங்களில் வேலை செய்த அடிமைகளுக்கு மலிவாகச் சோறு போடலாம் என்பது திட்டம். 1789 ஏப்ரல் 28-ம் தேதி ஃப்ளெட்சர் கிறிஸ்டியன் தலைமையில் கலகம். கேப்டன் வில்லியம் ப்ளையையும் இன்னும் 18 பேரையும் 23 அடி நீளப் படகு ஒன்றில் இறக்கிவிட்டார்கள். அந்த மனிதர் அந்தப் படகிலேயே சுமார் 6,700 கிலோமீட்டர் போய் திமோரில் கரையேறினார். கலகக்காரர்கள் பிட்கெர்ன் தீவுக்குப் போய், 1790 ஜனவரியில் கப்பலைக் கொளுத்திவிட்டார்கள். இது எல்லாருக்கும் தெரிந்த பாகம்.

கயிறு கட்டுகிறவனுக்குப் பிடித்த பாகம் இன்னொன்று இருக்கு. கப்பலைக் கையில் வாங்கியதும் ப்ளை செய்த முதல் வேலைகளில் ஒன்று, பாய்மரங்களைக் குட்டையாக்கச் சொன்னது. இந்த உடம்புக்கு இவ்வளவு உயரம் ஆகாது, போகிற வழி கேப் ஹார்ன், தலை கனத்தால் தாங்காது என்று நினைத்தார். மரம் குட்டையானால் பாய் சின்னதாகும். பாய் சின்னதானால் கயிறும் மெலிசாகும். கப்பலில் எதுவுமே தனியாக நிற்பதில்லை. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று அசையும். (அப்படியும் ஒரு மாசம் போராடி கேப் ஹார்னைத் தாண்ட முடியாமல், திரும்பி நன்னம்பிக்கை முனை வழியாகத்தான் போனார்கள்.)

நிற்க. இந்தக் கப்பலின் உடம்பை நான் கட்டவில்லை. கட்டியது சித்தப்பா. சரக்குக் கப்பல்களில் போசனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா, அதாவது எங்கள் தாத்தா, தூத்துக்குடித் தோணியில் தண்டல். கடல் அந்த வீட்டில் மூணாவது தலைமுறைக்கு வரவில்லை, நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். சித்தப்பா ரிட்டயர் ஆனதும் ஒரு ஸ்பெயின் நாட்டுக் கிட் வரவழைத்து, 48-ல் ஒரு பங்கு அளவில் பவுண்டியை ஆரம்பித்தார். ஆறு வருஷம் ஆச்சு உடம்பு முடிக்க. ஒவ்வொரு பலகையையும் வெந்நீரில் ஊறப்போட்டு வளைத்து, நடுவில் ஒரு தாள் நுழைய இடம் இல்லாமல் ஒட்டியிருக்கிறார். அப்புறம் வலது கையில் நடுக்கம் வந்தது. முதலில் காபி டம்ளரில் தெரிந்தது. டாக்டர் பார்க்கின்சன் என்றார்.

ஆக, அவருக்கு எல்லா முடிச்சும் தெரியும், விரல் கேட்காது. எனக்கு விரல் கேட்கும், ஒரு முடிச்சும் தெரியாது. ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆள் கணக்கு. சனிக்கிழமை காலையில் போய்விடுவேன். மாத்திரை போட்டு முக்கால் மணி நேரம் கழித்து அவர் கை கொஞ்சம் அமைதியாகும். அந்த ரெண்டு மணி நேரம்தான் எங்கள் கப்பல் பட்டறை திறந்திருக்கும்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல் பாடம் கயிற்றின் அளவு. பாய்க்கப்பல் காலத்தில் கயிற்றின் தடிமனை விட்டத்தால் சொல்ல மாட்டார்கள், சுற்றளவால் சொல்வார்கள். "ஆறு இஞ்ச் கயிறு" என்றால் அதைச் சுற்றி நாடா வைத்து அளந்தால் ஆறு இஞ்ச். இது தெரியாமல் பழைய புத்தகத்தைப் பிரித்தால் தலை சுற்றும். ஆறு இஞ்ச் சுற்றளவு என்றால் விட்டம் 48.5 மில்லிமீட்டர். எங்கள் அளவுக்கு 48-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட சரியாக 1 மில்லிமீட்டர்! அதனால் சித்தப்பா சுவரில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார்: இஞ்சை ஆறால் வகு, மில்லிமீட்டர் வரும். மூணு இஞ்ச் கயிறு அரை மில்லிமீட்டர். ஒண்ணரை இஞ்ச் கயிறு கால் மில்லிமீட்டர். 48 அளவில் செய்கிற யாரும் இதை அப்படியே எழுதி வைத்துக்கொள்ளலாம்.

எந்தக் கயிறு எத்தனை இஞ்ச் என்று சொல்ல நல்ல புத்தகங்கள் இருக்கு. டேவிட் ஸ்டீல் 1794-ல் எழுதியது, டார்சி லீவர் 1808-ல் இளம் அதிகாரிகளுக்காக எழுதியது, நம் காலத்தில் ஜேம்ஸ் லீஸ் 1979-ல் 1625 முதல் 1860 வரைக்கும் இங்கிலாந்துப் போர்க்கப்பல்களின் மரமும் கயிறும் பற்றி எழுதியது. லீஸ் சொல்லும் கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். நடு மரத்தின் விட்டத்தில் பாதி எவ்வளவோ, அதுதான் அதை முன்பக்கம் இழுத்துப் பிடிக்கும் பெரிய ஸ்டேயின் சுற்றளவு. மற்ற கயிறெல்லாம் அந்த ஸ்டேயில் இத்தனை பங்கு, அத்தனை பங்கு என்று போகும். ஒரு மரம் தெரிந்தால் கப்பல் முழுக்கக் கயிறு தெரிந்துவிடும். பவுண்டிக்கே தனியாக ஜான் மெக்கே 1989-ல் ஒரு புத்தகம் போட்டார். ஒவ்வொரு கயிறும் படத்தோடு இருக்கும். அது இல்லாமல் இந்தக் கப்பலைத் தொடாதீர்கள் என்று சொல்வேன்.

கயிறு மொத்தம் ரெண்டு ஜாதி. ஒன்று நிலைக்கயிறு. பாய்மரத்தை நிற்க வைப்பது அதன் வேலை, ஒரு தடவை கட்டினால் அசையாது. தார் பூசியிருப்பதால் கறுப்பு. இன்னொன்று ஓடும் கயிறு. பாயை ஏற்ற, இறக்க, திருப்ப, சுருட்ட. மாடலில் இதற்கு வெளிர் பழுப்பு நூல். கறுப்பும் பழுப்பும் கலந்து நிற்பதுதான் கப்பலுக்கு அழகு.

கிட்டோடு வந்த நூலைச் சித்தப்பா தொட்டுப் பார்த்துவிட்டு "இது கயிறு இல்லலே, வேட்டி நூலு" என்று ஓரமாக வைத்துவிட்டார். நிஜக் கயிற்றில் மூணு புரி சாய்வாகத் தெரியணும். அதனால் கயிறை நாங்களே திரித்தோம். ஒரு பலகையில் மூணு கொக்கி, பொம்மை மோட்டாரும் பல்சக்கரமும் வைத்து மூணும் ஒரே திசையில் சுற்றும். எதிர்ப்பக்கம் ஒரே கொக்கி. மூணு நூலையும் ஒரே பக்கமாக முறுக்கிக்கொண்டே போனால், அவை திரும்பப் பிரியத் துடிக்கும். எதிர்க்கொக்கியைச் சுழல விட்டால் அந்தத் துடிப்பே மூன்றையும் எதிர்ப்பக்கமாக ஒன்றோடொன்று பின்னிவிடும். முறுக்கும் எதிர்முறுக்கும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதுதான் கயிறு. திரிக்கத் திரிக்க நீளம் குறையும். அதனால்தான் நிஜக் கயிற்றுச் சாலைகள் அவ்வளவு நீளம். சாத்தம் கப்பல் தளத்தில் இருப்பது 346 மீட்டர், இன்றும் அங்கே கயிறு திரிக்கிறார்கள். எங்கள் சாலை சித்தி வீட்டு முன் ஹாலிலிருந்து சமையலறை வரை. திரிக்கும்போது யாரும் பாத்ரூம் போகக்கூடாது :-)

இன்னொரு நுணுக்கம். பக்கவாட்டில் மரத்தைப் பிடிக்கும் ஷ்ரவுடுகளும் ஓடும் கயிறுகளும் வலப்புறம் முறுக்கிய மூணு புரிக் கயிறு. முன்பக்கம் இழுக்கும் பெரிய ஸ்டேக்களும் நங்கூரக் கயிறும் அப்படிப்பட்ட மூணு கயிறுகளை மறுபடி இடப்புறம் முறுக்கியவை. ரெண்டடி தள்ளி நின்றால் யாருக்கும் தெரியாது. "யாருக்கும் தெரியாதே சித்தப்பா" என்றேன். "எனக்குத் தெரியும்லா" என்றார். அதற்கு மேல் பேச என்ன இருக்கு?

ஷ்ரவுடு கட்ட ஒரு வரிசை உண்டு. ஒரு நீளக் கயிறை நடுவில் மடித்து மரத்தின் கழுத்தில் மாட்டினால் ரெண்டு கால் கீழே தொங்கும். அது ஒரு ஜோடி. முதலில் வலப்பக்கத்து முன் ஜோடி, அடுத்து இடப்பக்கத்து முன் ஜோடி, மறுபடி வலம், மறுபடி இடம். ஒரே பக்கமாக எல்லாவற்றையும் இழுத்துக் கட்டினால் மரம் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும், அப்புறம் எதிர்ப்பக்கம் எவ்வளவு இழுத்தாலும் நேராகாது. எல்லா ஷ்ரவுடும் முடிந்த பிறகு அதன் மேல் ஸ்டே. ஸ்டேயின் வளையம் இறுகிக் கழுத்தை நெரிக்காமல் இருக்க, கயிற்றிலேயே ஒரு உருண்டை பின்னுவார்கள். அதற்கு 'மவுஸ்' என்று பேர், எலியேதான். கப்பலில் ஒரு மிருகக்காட்சிசாலையே இருக்குங்க. நங்கூரம் தூக்கும் கட்டை பூனைத்தலை, மேடையின் ஓரத்திலிருந்து விசிறி மாதிரி பிரிந்து போகும் மெல்லிய கயிறுகள் காக்கைக்கால். அந்தக் காக்கைக்கால் அலங்காரம் இல்லை. மேல்பாய் படபடக்கும்போது மேடையின் விளிம்புக்கு அடியில் மாட்டிக் கிழியாமல் தடுப்பது.

ஷ்ரவுடின் கீழ் நுனியில் டெட்ஐ. மூணு துளை போட்ட வட்டக் கட்டை. ரெண்டு கண்ணும் வாயுமாக மண்டை ஓடு மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். மேலே ஒன்று, கப்பல் ஓரத்தில் கீழே ஒன்று, நடுவில் மெல்லிய கயிறு ஆறு தடவை ஏறி இறங்கும். அதை இழுத்தால் ஷ்ரவுடு முறுக்கேறும். மேல் கட்டைகள் எல்லாம் ஒரே உயரத்தில் வரணும். இதற்கு ஒரு சுலபமான வழி: கம்பியை 'ப' மாதிரி வளைத்து, கீழ்க்கட்டையின் துளையில் ஒரு காலும் மேல்கட்டையின் துளையில் ஒரு காலும் செருகி, அந்த இடைவெளியில் கயிறைக் கட்டிவிட்டுக் கம்பியை உருவுவது. எல்லாம் வரிசையாகப் பல் மாதிரி நிற்கும்.

இந்த இடத்தில் எங்கள் ஒப்பந்தத்தைச் சொல்லணும். ஆரம்பத்தில், அரை மில்லிமீட்டரும் அதற்கு மேலும் சித்தப்பா கட்டுவார், அதற்குக் கீழே நான் என்று பிரித்துக்கொண்டோம். முன் மரத்து ஷ்ரவுடுகளை அவர்தான் கட்டினார். ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கட்டுவார். நடு மரத்துக்கு வரும்போது அரை மில்லிமீட்டர் என் பக்கம் வந்துவிட்டது, முக்கால்தான் அவருக்கு என்று ஆனது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. நூல்கட்டையை என் பக்கமாக நகர்த்தி வைத்தார், அவ்வளவுதான். இப்போது எல்லை ஒரு மில்லிமீட்டரில் இருக்கு. டாக்டர் ஒவ்வொரு தடவையும் என்னென்னவோ சோதனை செய்து எழுதுகிறார். எனக்கு இந்த மில்லிமீட்டர் கணக்கு போதும், நிலைமை தெரிந்துவிடுகிறது.

அடுத்து ராட்லைன். மாலுமிகள் மேலே ஏறுவதற்கு ஷ்ரவுடுகளின் குறுக்கே கட்டும் கயிற்றுப்படி. நிஜத்தில் 13 இஞ்சுக்கு ஒரு படி, மாடலில் ஏறக்குறைய 7 மில்லிமீட்டருக்கு ஒன்று. நடு ஷ்ரவுடுகளில் ஒவ்வொன்றிலும் க்ளோவ் ஹிட்ச் முடிச்சு, ரெண்டு ஓரத்திலும் சின்னக் கண்ணி வைத்துக் கட்டு. ஐந்து ஷ்ரவுடு, 25 படி என்று வைத்தால் ஒரு பக்கத்துக்கு 125 கட்டு. அதே மரத்துக்கு இன்னொரு பக்கம். அப்புறம் அடுத்த மரம். பரண் மேல் கப்பல் ஏறுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

சித்தி காபி கொண்டு வந்தபோது பார்த்துவிட்டு, "இது நாங்க பூ கட்டுத முடிச்சுதான?" என்றார். யோசித்தால் சொந்தம்தான். விரலில் ஒரு வளையம் முறுக்கிக் காம்பு மேல் போட்டு இழுக்கிறோமே, அப்படிப்பட்ட வளையத்தை ஒரே போக்கில் ரெண்டு தடவை போட்டால் க்ளோவ் ஹிட்ச். ஆனால் பூவுக்குக் காம்பின் நுனி இருக்கு, மேலே இருந்து வளையத்தைப் போடலாம். ஷ்ரவுடுக்கு நுனி கிடையாது, மேலேயும் கீழேயும் கட்டியிருக்கு. அதனால் ஊசியைச் சுற்றித்தான் கொண்டு வரணும். சித்தி ரெண்டு வரிசை தப்பாகப் போய், மூணாவதில் பிடித்துக்கொண்டார். இப்போது பின் மரத்தின் இடப்பக்கம் முழுக்க அவர் கட்டியது. என்னுடையதை விட நன்றாக இருக்கு என்பதைச் சொல்லியே ஆகணும். காரணம் முடிச்சு இல்லை, இழுப்பு. ஒவ்வொரு முடிச்சையும் ஒரே அளவு இறுக்குகிறார். அதிகமாக இறுக்கினால் ஷ்ரவுடுகள் நடுவில் உள்வாங்கி, இடுப்பு சிறுத்த உடுக்கை மாதிரி ஆகிவிடும். தொங்கினால் அசிங்கம். நாற்பது வருஷம் மல்லிகை கட்டின கைக்கு அது தானாகத் தெரிகிறது.

ஓடும் கயிறுக்கு வந்தால் சித்தப்பாவிடம் ஒரே கேள்விதான். நான் எந்தக் கயிறை எடுத்தாலும், "ஏலே, இத இழுத்தா எது அசையும்?" பதில் சொல்லாமல் கட்ட விட மாட்டார். முதலில் எரிச்சலாக இருந்தது. வரைபடத்தில் 73 என்று போட்டிருக்கு, 73-வது முளையில் கட்டினால் போதாதா? ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் தேட ஆரம்பித்த பிறகுதான் சிலந்தி வலை கலைந்தது. எவ்வளவு பெரிய கப்பலானாலும் ஒரு பாய்க்கு வேண்டியது கொஞ்ச வேலைதான். பருமலை மேலே ஏற்ற ஒரு கயிறு. பருமலைக் காற்றுக்கு ஏற்ற மாதிரி இடம் வலம் திருப்ப ரெண்டு கயிறு. சாயாமல் நிறுத்த ரெண்டு. பாயின் கீழ்முனைகளை இழுத்து விரிக்க ரெண்டு, அதே முனைகளை மேலே சுருட்ட ரெண்டு, பாயின் வயிற்றைத் தூக்க ஒன்றிரண்டு. இதே கதைதான் ஒவ்வொரு பாய்க்கும். ஒரு பாய் புரிந்தால் கப்பல் புரிந்தது.

பெயர்களும் அப்படித்தான். 'ஷீட்' என்றால் பாய் என்று நினைத்துத்தான் எல்லாரும் ஆரம்பிப்பார்கள். அது பாய் இல்லை, பாயின் கீழ்முனைக் கயிறு. சித்தப்பா அதைத் தாமான் என்பார். ஏற்றும் கயிறு ஆஞ்சான். குறுக்குக் கட்டை பருமல். தாத்தா தோணியில் சொன்ன வார்த்தைகள். தோணியின் பாய் வேறு வடிவம், பவுண்டியின் பாய் வேறு வடிவம். ஆனால் காற்று செய்கிற வேலை ஒன்று என்பதால் வார்த்தை அப்படியே வந்து உட்கார்ந்துகொள்கிறது. தோணிகளில் பாய் போய் எஞ்சின் வந்த பிறகு இந்த வார்த்தைகளுக்கு அங்கேயே வேலை குறைந்துவிட்டது. எங்கள் வீட்டில் 58 சென்டிமீட்டர் உடம்பு உள்ள ஒரு இங்கிலீஷ் கப்பலில் அவை இப்போது ஓடிக்கொண்டிருக்கின்றன. நான் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு வருகிறேன்.

எங்களுக்குள் ஒரே ஒரு பெரிய சண்டை வந்தது. இந்த மாடலுக்குப் பாய் மாட்ட வேண்டாம், வெறும் பருமலும் கயிறும் போதும் என்று முடிவு செய்திருந்தோம். பாய் இல்லாத கப்பலில் மேல்பருமல்கள் உயரத்தில் நிற்காது, இறங்கி உட்கார்ந்திருக்கும். பாய் விரித்தால்தான் மேலே ஏற்றுவார்கள். ஆனால் இறங்கிய பருமலோடு கப்பல் கொஞ்சம் சோம்பலாகத் தெரியும். பல மாடல்களில் பார்வைக்காக மேலேயே வைத்துவிடுவார்கள். நானும் மேலே வைக்கலாம் என்றேன். கம்பீரமாக இருக்கும், ஷோகேஸில் வைக்கப்போகிறோம்.

சித்தப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "பாய் இல்லாம பருமல ஏத்தி வச்சவன் எவன்? கப்பல் துறைமுகத்துல நிக்கி. சரக்கு ஏத்துதான். இனிதான் கெளம்பணும். எறக்கி வை" என்றார். எனக்கு அப்போதுதான் தோன்றியது, நான் ஒரு ஷோகேஸ் பொம்மையைக் கட்டிக்கொண்டிருந்தேன், அவர் புறப்படப்போகும் ஒரு கப்பலைக் கட்டிக்கொண்டிருக்கிறார். இறக்கி வைத்தோம். பாய் இல்லாததால் பாய்முனையில் இருக்க வேண்டிய தாமானையும் சுருட்டும் கயிறையும் ஒன்றோடொன்று சேர்த்து முடிந்துவிட்டோம். நிஜத்தில் செய்கிற வழக்கமும் அதுதான்.

இந்த வேலையில் இறங்கப்போகிறவர்களுக்குக் கைவசம் சில குறிப்புகள்:

1. பருமலில் வரவேண்டிய கப்பிகளை எல்லாம் மேஜையிலேயே கட்டி முடித்துவிட்டு அப்புறம் மரத்தில் ஏற்றுங்கள். மேலே போன பிறகு கட்டினால் ஒரு கப்பிக்கு ஒரு மணி நேரம்.

2. கீழிருந்து மேல், நடுவிலிருந்து ஓரம், பின்னிருந்து முன். கை நுழைய வேண்டிய வழியைக் கடைசி வரைக்கும் திறந்து வைக்கணும்.

3. கப்பித் துளைகளை மெல்லிய ட்ரில்லால் ஒரு தடவை சுத்தம் செய்துவிடுங்கள். வார்னிஷ் அடைத்திருக்கும்.

4. நூல் நுனியில் ஒரு துளி சூப்பர் க்ளூ வைத்துக் காய்ந்ததும் சாய்வாக வெட்டினால் அதுவே ஊசி. முடிச்சுக்கு மட்டும் சூப்பர் க்ளூ வேண்டாம். நூல் கம்பி மாதிரி விறைத்துவிடும், திருத்தவும் முடியாது. ஃபெவிகாலைத் தண்ணீரில் கலந்து வைத்தால், வேண்டாம் என்றால் ஈரம் தொட்டு அவிழ்க்கலாம்.

5. பருத்தி நூலில் இருக்கும் பிசிறை மெழுகுவர்த்தி மேல் வேகமாக ஒரு இழுப்பு இழுத்தால் போய்விடும். பாலியஸ்டரில் இதைச் செய்தால் நூலே போய்விடும்.

6. பருத்தி ஈரத்தைக் குடித்தால் இறுகும், காய்ந்தால் தளரும். நிஜக் கப்பலிலும் மழை பெய்தால் கயிறைத் தளர்த்திவிட ஆள் ஓடுவான். தூத்துக்குடிக் காற்றில் கட்டினதைச் சென்னை ஏசி அறையில் வைத்தால் வித்தியாசம் தெரியும். கப்பல் எங்கே நிற்கப்போகிறதோ அங்கேயே வைத்துக் கட்டுவது நல்லது.

7. முளையில் கட்டிய பிறகு மீதிக் கயிறு சுருளாகத் தொங்கணும். நூலுக்கு எடை இல்லாததால் அது விறைத்துக்கொண்டு நிற்கும். சுருளைத் தனியாகச் செய்து, கலந்த ஃபெவிகாலில் நனைத்து, கீழே அழுத்திக் காயவிட்டு மாட்டினால் இயல்பாக இருக்கும்.

எப்போது முடியும் என்று சித்தப்பா ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. போன சனிக்கிழமை வாசல் வரைக்கும் வந்த சித்தி, "அவசரப்பட்டு முடிச்சிராதப்பா. சனிக்கெழம நீ வாரேன்னுதான் அவுக ஷேவ் பண்ணுதாக" என்றார்.

எனக்கு ரெண்டு பக்கமும் இழுக்கிறது. மெதுவாகப் போனால் சனிக்கிழமைகள் நீளும். ஆனால் மெதுவாகப் போகிற ஒவ்வொரு மாதமும் அந்த மில்லிமீட்டர் எல்லை நகர்கிறது. இந்தக் கப்பலில் இருப்பதிலேயே தடிமனான கயிறு நங்கூரக் கயிறு. கப்பலின் அகலம் ஒரு அடிக்கு அரை இஞ்ச் சுற்றளவு என்பது பழைய கணக்கு. பவுண்டியின் அகலம் 24 அடியும் கொஞ்சமும். ஆக 12 இஞ்ச், எங்கள் சுவர்க் கணக்குப்படி 2 மில்லிமீட்டர். அதற்கு மேல் கப்பலில் கயிறே கிடையாது.

அந்த ஆலாத்தை ஏற்கெனவே திரித்து வைத்தாயிற்று. ஒன்பது புரி, இடப்புற முறுக்கு, தேன்மெழுகு தடவிச் சுருட்டி அவர் மேஜை டிராயரில் இருக்கு. நான் தொடவில்லை. வேலை வரிசைப்படி அது கடைசியில்தான் வரணும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. அதனால் அடுத்த சனிக்கிழமை பின் மரத்துக் கயிறுகளை ஓரமாக வைத்துவிட்டு, நங்கூரத்தை எடுத்து அவர் முன்னால் வைக்கலாம் என்று இருக்கிறேன். வளையத்தில் கயிறைக் கோத்து, சுற்றி, நுனியை மூணு இடத்தில் கட்ட வேண்டும். அவர் கட்டட்டும். மீதிக் கால் மில்லிமீட்டர்களை நானும் சித்தியும் மெதுவாகவே பார்த்துக்கொள்கிறோம்.

கொசுறு: நெப்போலியன் யுத்தங்களில் பிடிபட்டு இங்கிலாந்துச் சிறைமுகாம்களில் இருந்த பிரெஞ்சுக் கைதிகள், சாப்பாட்டில் மிஞ்சிய எலும்பைச் செதுக்கிக் கப்பல் மாடல்கள் செய்தார்கள், விற்றுக் காசும் பார்த்தார்கள். நூல் கிடைக்காத இடத்தில் முடியையே கயிறாகத் திரித்துக் கட்டியவையும் உண்டு. நார்மன் கிராஸ் முகாமில் செய்த வேலைகள் பீட்டர்பரோ மியூசியத்தில் இருக்கின்றன. அடுத்த தடவை நூல் சரியில்லை, வெளிச்சம் சரியில்லை என்று கப்பலைப் பரண் மேல் ஏற்றத் தோன்றினால், இவர்களைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள் :-)